தட்டு, நாடா, சுருதி: பழைய பதிவுகள் பற்றி வாசகர் கேள்விகள்

"இந்த மாதம் எந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? அதில் என்ன சந்தேகம்?" என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் ஐந்து கேள்விகள் இங்கே.

கேள்வி: நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனைதான் இப்போது தினசரி. இரண்டு இடத்திலிருந்து கோப்பு எடுத்தேன். ஒன்று 2½ கட்டை சுருதியில் ஒலிக்கிறது, மற்றது 3 கட்டையில். இரண்டும் ஒரே தட்டு. எதை நம்புவது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தட்டு ஒன்றுதான், அதைச் சுழற்றிய வேகம்தான் வேறு. '78' என்பது பெயர். அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78-ல் ஓட்டினால் வேகம் ஐந்தரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். 6 சதவீதம் கூடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் (ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் ஒன்று) ஏறிவிடும். உங்களுடைய 2½ கட்டை 3 ஆனது அப்படித்தான்.

நாதஸ்வரத்தில் ஒரு வசதி உண்டு. குழலின் நீளம்தான் சுருதியைத் தீர்மானிக்கிறது. பிள்ளைவாள் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் நீளமான பாரி நாயனம் 2, 2½ கட்டையில் அமைவது. குட்டையான நாதஸ்வரமான திமிரி அதைவிட நன்றாக மேலே நிற்கும். அதனால் 2½ கட்டைக் கோப்பிலிருந்து தொடங்குங்கள். பிறகு காதால் உறுதி செய்துகொள்ளுங்கள். தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து நிற்க வேண்டிய ஸ்வரம். வேகம் கூடிய கோப்பில் அந்த அசைவு நடுக்கமாக மாறிவிடும், ஊதும் சீவாளியின் கனமும் மெலிந்து கீச்சென்றாகிவிடும். பஞ்சமத்தை விட்டு க-ம-த-நி என்று ஏறும் பிடிகளில் தைவதத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். சரியான வேகத்தில் அந்தத் தைவதத்துக்கு ஒரு எடை இருக்கும்.

திருத்துவது எளிது. ஆடாசிட்டி மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட்' வழியாக 5.6 சதவீதம் குறைத்தால் ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கும். 'சேஞ்ச் பிட்ச்' பக்கம் போகாதீர்கள். அது சுருதியை மட்டும் இறக்கிவிட்டு வேகத்தை அப்படியே வைத்துவிடும், கமகத்தின் அவசரம் தீராது. இன்னொன்று: 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். இரண்டு பக்கத்தை ஒட்டிய கோப்பாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சுருதி பாருங்கள். ஒட்டிய இடத்தில் ஒத்து (பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் சுருதி) சற்றே விலகினால் அதுதான் அடையாளம்.

கேள்வி: பாடகர் எம்.டி. ராமநாதனின் சஹானா ராகத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. கைபேசியில் கேட்கிறேன். (வாசகி, மதுரை)

பதில்: குறை உங்கள் காதில் இல்லை, கைபேசியின் ஒலிபெருக்கியில் இருக்கிறது. 1 கட்டை என்பது சுமார் 131 ஹெர்ட்ஸ். அதன் மந்திர (கீழ்ஸ்தாயி) பஞ்சமம் 98. எம்.டி.ஆர். அதற்கும் கீழே போய் நிற்கிற குரல். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர முடியாது. மேல் அதிர்வுகள் மட்டும் வந்து சேரும், நீங்கள் முணுமுணுப்பு என்பது அதைத்தான். காதை மூடும் ஹெட்போனிலோ, 5 அங்குலத்துக்குக் குறையாத ஸ்பீக்கரிலோ தியாகராஜரின் 'கிரிபை'யைக் கேளுங்கள். மெதுவாகப் பாடுகிறார் என்று சலிக்காமல், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியில் தம்புரா என்ன செய்கிறது என்று பாருங்கள். அங்கேதான் அந்தப் பாட்டு இருக்கிறது.

கேள்வி: வானொலிக் கச்சேரிகளைப் பதிவு செய்த கேசட்டுகள் நாற்பது இருக்கின்றன. மதுரை மணி ஐயர்தான் அதிகம். கணினிக்கு மாற்ற என்ன முறை? (வாசகர், திருச்சி)

பதில்: நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா என்று கேசட்டின் சன்னல் வழியாக முதலில் பாருங்கள். இருந்தால் ஓட்டாதீர்கள். கேசட் டெக்கின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) அது ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகே பதிவைத் தொடங்குங்கள். பல ஆண்டு இறுகிக் கிடந்த சுற்று தளரும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய அழுத்தத் தக்கை விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். இன்னொரு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றுவதுதான் வழி.

பலரும் விடும் இடம் அஸிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் பொருந்தாவிட்டால், மிருதங்கத்தின் வலந்தலைச் சாப்பு (வலப்பக்க அடி) பஞ்சுமூட்டையில் அடித்தது போலக் கேட்கும். ஒலியை மோனோவில் வைத்துக்கொண்டு அந்தத் திருகைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சாப்பு 'சக்' என்று வெட்டி விழும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்தாக வேண்டும்.

பதிவு 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தனி ஆவர்த்தனத்தில் ஒலி திடீரென்று ஏறும், அதற்கு இடம் விடுங்கள். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டுப் பதிவானதா என்று தெரியாவிட்டால் அணைத்தே வையுங்கள்.

நாடாவிலும் வேகப் பிசகு வரும். பழைய பதிவில் மின்சார முனகல் கலந்திருந்தால் அதுவே அளவுகோல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' பகுதியில் அளவை 65536 என்று வைத்துப் பார்க்கும்போது முனகல் 53-ல் நின்றால் நாடா 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சரியாக 50-ல் நின்றால் அது உங்கள் டெக்கின் முனகலாகவும் இருக்கலாம். நாடாவை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். அன்றைய மின்சாரமே 1 ஹெர்ட்ஸ் ஏறி இறங்கியிருக்க வாய்ப்புண்டு, ஆகவே கடைசி முடிவைத் தம்புராவை வைத்துக் காதால் எடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 78 தட்டுகளை எதைக் கொண்டு துடைப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் கூடாது. அந்தத் தட்டு அரக்கில் செய்தது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் ஒட்டிய காகிதம் நனையக்கூடாது. உடனே ஒற்றி எடுத்து, செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். பிற்கால எல்.பி. தட்டின் முள்ளை இதில் வைக்காதீர்கள். 78-க்கு சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி. முள் 18 முதல் 25 மைக்ரான்தான், பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் அள்ளும். பழைய சாவி கிராமபோனில் போடுவதாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி. தேய்ந்த ஊசி தட்டைச் செதுக்கிவிடும்.

கேள்வி: வீணை தனம்மாளின் பதிவில் இரைச்சல் தாங்கவில்லை. நீக்கிவிட்டுக் கேட்கலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: தனம்மாள் 1938-இல் மறைந்தவர், மிஞ்சிய பதிவுகளும் சிலவே. மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், நகலில் மட்டும் செய்யுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் மங்கும் ஒலியையும் இரைச்சல் என்றே எண்ணும். ஒரு மீட்டுக்குப் பிறகு தந்தியை இழுத்து எழுப்பும் கமகம் அந்த மங்கலில்தான் வாழ்கிறது. அதை நீக்கினால் மீட்டு மட்டும் மிஞ்சும், வீணை டைப்ரைட்டர் போலத் தட்டும். வேண்டுமானால் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை மென்மையாகக் குறையுங்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்தாலும் சொரசொரப்பு கொஞ்சம் அடங்கும். ஐந்து நிமிடம் கேட்டால் காது இரைச்சலை ஒதுக்கிவிட்டு வீணையைப் பிடித்துக்கொள்ளும்.