வாலை ஆட்டினால் வரவேற்பா?

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது. போன மாதம் ஒரு பூனையை எடுத்து வந்தோம். நாய் ஆசையாக வாலாட்டிக்கொண்டு போகிறது, பூனையும் வாலை ஆட்டுகிறது, ஆனால் கிட்டே போனதும் நாயின் மூக்கில் ஒரு பிராண்டு! இரண்டும் வாலாட்டும்போது சண்டை எங்கிருந்து வருகிறது?
- மதுரை வாசகி

பதில்: அந்த வாலில் இருந்துதான் வருகிறது. நாய் இடுப்பையும் சேர்த்துத் தொளதொளவென்று வாலாட்டினால் குஷியாக இருக்கிறது என்று அர்த்தம். பூனை வாலைப் படார் படாரென்று தரையில் அடித்தால் 'கிட்டே வராதே' என்கிறது. பூனை பாஷையில் வணக்கம் என்றால் வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நேரே தூக்கி, நுனியை மட்டும் லேசாக வளைத்துக்கொண்டு வருவது. அதையே ஒரு நாய் விறைப்பாகச் செய்தால் இன்னொரு நாய்க்கு அது முறைப்பு.

இன்னொரு கோளாறும் உண்டு. விளையாடக் கூப்பிடும் நாய் முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கும். பூனைக்கு அது பாய்வதற்குப் பதுங்குவது போலத்தான் தெரியும், அது அப்படிப் பதுங்கித்தானே எலியைப் பிடிக்கிறது!

எங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. பூனை இரண்டு வாரம் ஃபிரிட்ஜ் மேலேயே குடியிருந்தது, சாப்பாட்டுத் தட்டும் மேலே போனது, கீழே நாய் அண்ணாந்து பார்த்தபடி காவல். நீங்களும் பூனைக்கு அப்படி ஓர் உயரமான இடம் கொடுங்கள். பூனை படுத்த துணியை நாயிடமும் நாய் படுத்ததைப் பூனையிடமும் போட்டு வைத்தால் வாசனை பழகிவிடும், முகம் பார்ப்பதெல்லாம் அப்புறம். நேரில் விடும்போது நாய் கயிற்றில் இருக்கட்டும். ஒரு மாதம் பெரிய காலமே இல்லை. பூனைகள் பிற உயிர்களோடு சுலபமாக ஒட்டும் பருவம் பிறந்த 2 வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 7 வாரத்தோடு சரி, அதற்குப் பிறகு வந்தது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் பூனை என்னிடம் ஓயாமல் மியாவ் மியாவ் என்கிறது, பக்கத்து வீட்டுப் பூனையிடம் வாயே திறப்பதில்லை. திமிரா?
- கோவை வாசகர்

பதில்: திமிர் இல்லை, சலுகை. குட்டியில் தாயைக் கூப்பிட வைத்திருந்த குரல் அது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை, உரசலும் வாசனையும் போதும். உங்களிடம் கத்தினால் தட்டு நிறையும் என்று கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். பதிலுக்கு நீங்கள் அதைப் பார்த்துக் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்து பாருங்கள். அப்படிச் செய்தால் பூனையும் கண்ணைச் சுருக்குகிறது, முன்பின் தெரியாதவர் செய்தாலும் அவர் நீட்டும் கையருகே வரத் தயங்குவது குறைகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் எழுதினார்கள்.

கேள்வி: வாலாட்டுகிற நாய் கடிக்காதுதானே?
- தஞ்சை வாசகர்

பதில்: யார் சொன்னது? வாலாட்டுவது படபடப்புக்கும் அடையாளம். 2007-ல் இத்தாலியில் நடந்த ஆய்வில், சொந்தக்காரரைப் பார்த்த நாய்கள் வாலைத் தங்கள் வலப்பக்கமும், முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்த்தவை இடப்பக்கமும் அதிகம் ஆட்டின. தெருவில் நின்று வலமா இடமா என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். வாலை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்: விறைத்து நிற்கிறதா, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா, சோறு கண்ணில் படாமலே உதட்டை நக்குகிறதா? அப்படியானால் கையை நீட்டாமல், ஓடாமல், பக்கவாட்டில் நகர்ந்துவிடுங்கள். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். மஞ்சள் பற்று, மிளகாய்ப்பொடி வேலையெல்லாம் வேண்டாம்.