மெல்பர்னில் மகள் மழலையர் ஆசிரியை: முழுப் பதிவுக்காக வேலையிடத்தில் கேட்க வேண்டியவை

கேள்வி: என் மகள் மெல்பர்னில் மழலையர் கல்வியில் முதுகலை முடித்து, ஒரு லாங் டே கேர் (முழுநாள் குழந்தைப் பராமரிப்பு) மையத்தில் கிண்டர் (பள்ளிக்கு முந்தைய வகுப்பு) ஆசிரியையாக இருக்கிறாள். இப்போது தற்காலிகப் பதிவுதான். முழுப் பதிவுக்கான கோப்பை ராத்திரி ஒரு மணி வரை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாள். "அது உன் சொந்த வேலை" என்கிறாராம் மேலாளர். நேரம் கேட்டால் வேலைக்கோ விசாவுக்கோ ஆபத்து வருமோ என்று பயந்து, "பொறுத்துப் போ" என்று சொல்லியிருக்கிறேன். சரிதானா?

பதில்: உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் இந்த விஷயத்தில் பொறுத்துப் போனால் நஷ்டம் மகளுக்குத்தான். முழுப் பதிவுக்கான வேலையில் பெரும்பகுதி வகுப்பறைக்குள்ளேதான் நடக்க முடியும். ராத்திரியில் எழுத்தை எழுதலாம், எழுதுவதற்கான விஷயம் பகலில் கிடைத்தாக வேண்டும்.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2015 செப்டம்பர் 30 முதல் மழலையர் ஆசிரியர்களும், ஆசிரியர் பதிவை நடத்தும் அமைப்பான விக்டோரியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் டீச்சிங்கில் பதிவு செய்தாக வேண்டும். புதிதாகப் படித்து வருபவருக்கு இரண்டு ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருகிறார்கள். அதற்குள் குறைந்தது 80 நாள் ஆசிரியர் பொறுப்பில் கற்பித்திருக்க வேண்டும். மென்டர் (வழிகாட்டும் ஆசிரியர்) ஒருவரின் துணையோடு, தன் வகுப்புக் குழந்தைகளைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பி, திட்டம் போட்டு, செய்து பார்த்து, விளைவை எழுத வேண்டும். தேசிய ஆசிரியர் தரநிலைகள் 7, அவற்றின் கீழ் 37 கூறுகள். அந்தத் தரத்தை எட்டியதற்கு ஆதாரம் காட்டிய பிறகு, வேலையிடத்திலேயே மூவர் குழு பார்த்துப் பரிந்துரைக்கும். குழுவில் வழக்கமாக மையத் தலைமையோ அவர் நியமிப்பவரோ, மென்டர், இன்னொரு பதிவு பெற்ற ஆசிரியர் இருப்பார்கள். மென்டர் வகுப்புக்கு வந்து கவனிப்பதும் மூன்று பேரை ஒரே நாளில் உட்கார வைப்பதும் மையத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. அதனால்தான் "சொந்த வேலை" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

இதில் சம்பளமும் அடங்கியிருக்கிறது. லாங் டே கேர் ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் வகுப்பது எஜுகேஷனல் சர்வீசஸ் (டீச்சர்ஸ்) அவார்டு 2020. 2022 ஜனவரியிலிருந்து அதில் ஐந்து படிகள். தற்காலிகப் பதிவில் இருப்பவர் முதல் படி, முழுப் பதிவு கிடைத்தவர் இரண்டாம் படி. இரண்டாம் படியில் மூன்று ஆண்டு திருப்திகரமான பணி முடித்தால்தான் மூன்றாம் படி, அங்கே மூன்று ஆண்டு முடித்தால் நான்காம் படி. முழுப் பதிவு ஓர் ஆண்டு தள்ளிப் போனால் பின்னால் வரும் எல்லா உயர்வும் ஓர் ஆண்டு தள்ளிப் போகும். கோப்பைத் தள்ளிப் போடும் பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

முதலில் மகள் கண்டுபிடிக்க வேண்டியது, தன் மையம் அவார்டின் கீழ் இருக்கிறதா, தனி நிறுவன ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறதா என்பது. வேலைக் கடிதத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். நகராட்சிகளும் சமூக அமைப்புகளும் நடத்தும் கிண்டர்கள் பல ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஒப்பந்தம் இருந்தால் அதன் முழு நகலை ஃபேர் ஒர்க் கமிஷனின் தளத்தில் எடுத்து, தற்காலிகப் பதிவு, மென்டர், வகுப்பிலிருந்து விடுவிப்பு ஆகியவை வரும் பிரிவுகளைத் தேடச் சொல்லுங்கள். பதிவு வேலைக்கென்று ஆசிரியருக்கும் மென்டருக்கும் தனி நேரம் இருந்தால் அங்கேதான் இருக்கும். கேட்காதவருக்கு யாரும் தானாக எடுத்துத் தருவதில்லை.

அவார்டு மட்டும் பொருந்தினாலும், ஒரு குழந்தைகள் குழுவுக்குத் திட்டமிடும் பொறுப்புள்ள லாங் டே கேர் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 2 மணி நேரம் குழந்தைகளைக் கவனிக்கும் பொறுப்பில்லாத நேரம் உண்டு. இந்த நேரம்தான் அடிக்கடி பறிபோகிறது. காரணம், ஆள்-குழந்தை விகிதம். விக்டோரியாவில் மூன்று வயதுக்கு மேற்பட்ட 11 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்குக் குறைந்த வயதில் 4 குழந்தைகளுக்கு ஒருவர். நேரடியாகக் குழந்தைகளோடு இருப்பவரைத்தான் கணக்கில் சேர்க்கலாம். காலையில் ஒருவர் காய்ச்சல் என்று வராமல் போனால், திட்டமிட உட்கார்ந்த ஆசிரியரைத்தான் உள்ளே இழுப்பார்கள். அன்றைக்குப் போகட்டும். ஆனால் அதே வாரத்தில் அந்த நேரம் திரும்பக் கிடைக்க வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் போனது என்று மகள் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அந்த இரண்டு மணி நேரம் வாராந்தரத் திட்டத்துக்கானது, பதிவுக் கோப்பையும் அதிலேயே முடித்துக்கொள் என்றால் இரண்டும் அரைகுறையாகும்.

கேட்கும்போது வாய்வழியாக வேண்டாம், மின்னஞ்சலில் கேட்கட்டும். புகார் தொனி தேவையில்லை. தற்காலிகப் பதிவு முடியும் தேதி, மென்டராக யார் என்ற கேள்வி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மென்டரோடு ஒரு மணி நேரம், மென்டர் வகுப்பைக் கவனிக்கும் நாட்கள், மூவர் குழு கூடும் உத்தேசத் தேதி: இவை போதும். கூடவே மாற்று ஏற்பாட்டையும் மகளே சொல்லட்டும். காலையில் 33 குழந்தைகள் இருந்தால் மூவர் தேவை. மதியத்துக்கு மேல் 22 ஆகக் குறைந்தால் விகிதப்படி இருவர் போதும். எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு எண்ணிக்கை இறங்குகிறது என்று வருகைப் பதிவைப் பார்த்துக் கேட்டால், மேலாளர் மறுப்பது கடினம்.

சின்ன மையங்களில் முழுப் பதிவு பெற்ற வேறு ஆசிரியரே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் வெளியிலிருந்து மென்டர் ஏற்பாடு செய்யலாமா என்று இன்ஸ்டிடியூட்டிடமும் மாநிலக் கல்வித் துறையிடமும் முதல் மாதத்திலேயே விசாரிக்க வேண்டும். மென்டர்களுக்கென்றே எஃபெக்டிவ் மென்டரிங் புரோகிராம் என்ற பயிற்சி அங்கே நடக்கிறது. மென்டர் அதை முடித்தவராக இருந்தால் மூவர் குழுவில் என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கோப்பு எங்கே தடுக்கி விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது காலம். கிண்டர் ஆண்டு ஜனவரி இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நவம்பரில் ஆரம்பித்த ஆய்வு பாதியில் நிற்கும், ஏனென்றால் அந்தக் குழந்தைகள் பள்ளியின் தொடக்க வகுப்பான பிரெப்புக்குப் போய்விடுவார்கள். முதல் டெர்மில் (பருவத்தில்) குழந்தைகளை அறிந்து, இரண்டாம் டெர்மில் திட்டத்தைத் தொடங்கி, மூன்றாம் டெர்மில் குழுவைக் கூட்டுவதுதான் பாதுகாப்பு. இரண்டாவது, கேள்வியின் அளவு. "குழந்தைகளின் மொழி வளர்ச்சியை எப்படி மேம்படுத்துவது" என்பது ஆளை விழுங்கும். வீட்டில் வேறு மொழி பேசும் நான்கு குழந்தைகள் குழு நேரத்தில் வாய் திறக்கப் படமும் பாட்டும் எப்படி உதவும் என்று சுருக்கினால் ஆதாரம் தானாகச் சேரும். மூன்றாவது, தரநிலைகளின் 1.4, 2.4 ஆகிய கூறுகள். பழங்குடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களைப் பற்றியவை இவை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு வண்ணம் தீட்டும் நாளை ஆதாரமாக வைத்துவிட்டுத் திணறுவார்கள். தன் மையம் எந்த மக்களின் நிலத்தில் இருக்கிறது என்பதில் தொடங்கி, அவர்களே வெளியிட்ட கதைகளையும் பொருள்களையும் பாடத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்ததைக் காட்டுவது நல்லது. நான்காவது, குழந்தைகளின் பெயரும் முகமும் தெரியும் படங்கள். எல்லாவற்றையும் மறைத்த பிறகே கோப்பில் சேர்க்க வேண்டும்.

80 நாள் கணக்கிலும் கவனம் தேவை. பணிப் பட்டியலில் "எஜுகேட்டர்" (ஆசிரியர் அல்லாத பராமரிப்பு ஊழியர்) என்று போட்டுவிட்டு ஆசிரியர் வேலையை வாங்கும் இடங்கள் உண்டு. "ஏர்லி சைல்ட்ஹுட் டீச்சர்" என்று தெளிவாகச் சொல்லும் நியமனக் கடிதம் கையில் இருக்கட்டும். ரிலீஃப் (மாற்று) ஆசிரியராகப் போன நாட்களுக்கும் அந்தந்த மையத்திடம் தேதியோடு கடிதம் வாங்கி வைக்கலாம். சிட்னியில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் கெடு இங்கே பொருந்தாது. நியூ சவுத் வேல்ஸில் வேறு அமைப்பு, முழு நேரம் என்றால் மூன்று ஆண்டு, பகுதி நேரம் என்றால் ஐந்து ஆண்டு.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மகள் படிப்பு முடித்தவர்களுக்கான 485 விசாவில் இருந்தால் அது எந்த முதலாளியோடும் கட்டப்பட்டதல்ல. வேலை போனாலும் விசா போகாது. முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 விசாவில் இருந்தாலும், 2024 ஜூலை 1 முதல், வேலை நின்றபின் புதிய ஸ்பான்சரைத் தேட ஒரே தடவையில் 180 நாள் வரை அவகாசம் உண்டு. விசாவைக் காட்டி மிரட்டிச் சுரண்டுவது அந்த நாட்டில் இப்போது குற்றம். தன் உரிமை பற்றிக் கேள்வி கேட்டதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதை ஃபேர் ஒர்க் சட்டம் தடுக்கிறது. சோதனைக் காலத்தில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நீக்கப்பட்டால் 21 நாளுக்குள் ஃபேர் ஒர்க் கமிஷனில் மனு கொடுக்க வேண்டும். அந்த 21 நாளை அழுது கழித்துவிடக் கூடாது.

முழுப் பதிவு கிடைத்த அன்றே அதன் நகலோடு சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இரண்டாம் படிச் சம்பளத்தை எந்தத் தேதியிலிருந்து தருகிறார்கள் என்று கேட்கட்டும். அடுத்த சம்பளச் சீட்டில் படியைச் சரிபார்க்கட்டும். மத்திய அரசின் ஊழியர் தக்கவைப்பு மானியத்தில் மையம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்கலாம். சேர்ந்த மையங்களில் அவார்டுக்கு மேல் 2024 டிசம்பரில் 10 சதவீதம், 2025 டிசம்பரில் இன்னும் 5 சதவீதம் கூட வேண்டும். குறைத்துக் கொடுத்தது பின்னால் தெரிய வந்தால் ஆறு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும்.

நேரம் தர முடியாது என்று எழுத்தில் பதில் வந்தால், ஆஸ்திரேலியன் எஜுகேஷன் யூனியனின் விக்டோரியா கிளையில் உறுப்பினராகி அந்தக் கடிதத்தைக் காட்டட்டும். வேலை உரிமைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மேனின் 13 13 94 எண்ணிலும் கேட்கலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் முதலில் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணை அழைத்து, "தமிழ்" என்று சொல்லி அங்கே இணைக்கச் சொல்லலாம்.