வீட்டில் ஒரு நோயாளி: கேள்வி – பதில்

(பதில் அளிப்பவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி தருகிறார்.)

கேள்வி: பத்தாவது படித்திருக்கிறேன். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஏஜென்சி மூலம் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன். அவருக்குப் பக்கவாதம். வலது கை, கால் அசைவில்லை, பேச்சும் வரவில்லை. நல்ல பெயர் எடுக்க எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: சம்பளத்தைப் பேசியிருப்பீர்கள். மற்றதையும் முதல் நாளே பேசிவிடுங்கள் அம்மா. 12 மணி நேர வேலையா, தங்கிப் பார்க்கும் வேலையா? தங்குவதென்றால் பகலில் நீங்கள் எப்போது தூங்குவது? லீவு எந்த நாள், அன்று பாட்டியை யார் பார்ப்பார்கள்? சமையல் பாட்டிக்கு மட்டுமா, வீட்டுக்கே சேர்த்தா? கமிஷன் போகக் கையில் எவ்வளவு வரும்? கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டால், ‘அப்படியே இந்தப் பாத்திரத்தையும்’ என்று ஆரம்பிக்கும் நாளில் மனஸ்தாபம்தான் வரும். பீரோ சாவியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, பாட்டிக்கு வருவோம். முன்பக்கம் திறக்கும் நைட்டியாக வாங்கச் சொல்லுங்கள். போடும்போது வலது கையில் முதலில். கழற்றும்போது இடது கையில் முதலில். வலது கையைப் பிடித்து மட்டும் தூக்கிவிடாதீர்கள். தோளைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி லேசில் போகாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவிடுங்கள். பாட்டியை மேலே நகர்த்த வேண்டுமென்றால் ஆளுக்கொரு பக்கம் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி வைக்கலாம். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உரசிக் கிழியும், புண் அங்கேதான் தொடங்கும்.

துடைத்துவிடும்போது வால் எலும்பு, இடுப்பு ஓரம், குதிகால், பின்மண்டை இவற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தி விட்டால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று கைதான் சொல்லும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும்.

சாப்பாடுதான் எனக்கு அதிகம் பயம் தரும் விஷயம். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது. பக்கவாதக்காரர்கள் பலருக்குக் கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் புரையேறும். குடித்ததும் இருமல் வந்தாலோ, தொண்டையில் ஏதோ நிற்பது போலக் குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் வலது கன்னத்துக்குள் பாருங்கள். உணர்வு குறைந்த பக்கத்தில் இட்லித் துண்டு அப்படியே அடங்கியிருக்கும், பாட்டிக்கே தெரியாது. அரை மணி நேரம் கழித்துத்தான் சாய்க்க வேண்டும்.

இன்னொன்று: பேச்சு வராதவருக்குப் புரியாது என்று யார் சொன்னது? புரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே நின்று அவர் மலம் போனதைப் பற்றி மருமகளிடம் சொல்லாதீர்கள். ‘பாட்டி, இப்ப இடது பக்கம் திருப்பப் போறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். என்ன சாப்பிட்டார், சிறுநீர், மலம், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் புரட்டினீர்கள்... எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. வெளியூர் மகள் போனில் கேட்கும்போது ‘நல்லா இருக்காங்க’ என்பதைவிட ‘நேத்துலேர்ந்து சிறுநீர் கம்மி’ என்று சொல்பவரைத்தான் யாரும் விடமாட்டார்கள்.

கேள்வி: வெளி ஆளை வைத்துக்கொள்ள வசதியில்லை. அப்பா படுக்கையில் இருக்கிறார். இலவச உதவி கிடைக்குமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். வலி நிவாரண சிகிச்சை, பிசியோதெரபி, பிரஷர்–சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டுக்கே வந்து தருவது இதில் உண்டு. முழு நேரத்துக்கு ஆள் தர மாட்டார்கள். ஆனால் வரும் நர்ஸிடம் புரட்டுவது, புண் கட்டுவது எல்லாம் நேரில் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: மறதி நோய் உள்ள மாமியார், சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் சாயங்காலம் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்புகிறார். தடுத்தால் அடிக்க வருகிறார்.
– வாசகி, மதுரை

பதில்: ‘இதுதான் உங்க வீடு’ என்று வாதாடாதீர்கள், ஜெயிக்க முடியாது. இந்த நோயில் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது வழக்கம். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். ‘போகலாம், முதல்ல இந்தக் கீரையை ஆய்ஞ்சுடலாம்’ என்று கையில் ஒரு வேலை கொடுங்கள். திடீரென்று இந்தக் குழப்பம் அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் போன் நம்பரை ஒரு துணியில் எழுதி அவர் ஜாக்கெட்டில் தைத்துவிடுங்கள். தெருமுனை டீக்கடையிலும் சொல்லி வையுங்கள்.