புதிய இயங்குதளம் வந்து மூன்று மாதமாகியும் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அதில் ஓடவில்லை. கேட்டால் 'விரைவில்' என்கிறார்கள். இது நியாயமா? நான் என்ன செய்வது?

நீங்கள் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கும் அந்த 'விரைவில்' என்ற வார்த்தையை என் கையாலேயே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒலிப்பதிவு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான்கு வருடம் வாடிக்கையாளர் சப்போர்ட்டில் இருந்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டு ஒலி எடிட்டிங் செய்து சம்பாதிக்க ஆரம்பித்தேன், அப்போது வேறொரு நிறுவனம் அதே வார்த்தையை எனக்கு அனுப்பியது. ஆக, இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் மாட்டிய கதை. அப்டேட் வந்திருக்கிறது, வந்திருக்கிறது என்று திரையின் மூலையில் இரண்டு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்த அறிவிப்பை ஒரு நாள் இரவு, சரி தொலையட்டும் என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது, ஐகான்கள்கூட அழகாகத்தான் இருந்தன. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய ஒரு நேர்காணல் பதிவைத் திறந்தேன். இருபத்திரண்டு டிராக், அதில் ஒன்பதில் இரைச்சல் நீக்கும் ஒரே பிளக்இன்னைப் போட்டிருந்தேன், பிளக்இன் என்றால் எடிட்டிங் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள். அந்த ஒன்பது இடத்திலும் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது, தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. பிளே அழுத்தினேன். மின்விசிறிச் சத்தம், ஏசி உறுமல், நாற்காலி கிறீச்சிடுவது என்று நான் மூன்று நாள் உட்கார்ந்து துடைத்தெடுத்ததெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

அந்தப் பிளக்இன் நிறுவனத்தின் தளத்தில், எந்தப் பதிப்பு எந்த இயங்குதளத்தில் ஓடும் என்று ஓர் அட்டவணை உண்டு. புதிய இயங்குதளத்துக்கு நேரே 'சோதித்து வருகிறோம், விரைவில்' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் அந்தப் பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய தேதி. பார்த்தால் அது இயங்குதளம் வெளிவருவதற்கு முந்தைய மாதத்துத் தேதி! யாரோ ஒருவர் முன்கூட்டியே 'விரைவில்' என்று போட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே மறந்துவிட்டார். டிக்கெட், அதாவது புகார், போட்டேன். இரண்டு நிமிடத்தில் இயந்திரம் பதில் போட்டது, நான்காவது நாள் மனிதர் பதில் போட்டார். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஆரம்பித்திருந்தார். நான் பொறுமையாக இருக்கிறேன் என்று இவருக்கு யார் சொன்னது?

அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அந்த வரி நான் நான்கு வருடம் ஒட்டி ஒட்டி அனுப்பிய அதே வரி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாமதம் ஓரளவு நியாயம்தான், ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தால் இல்லை. 'எங்களுக்கும் இப்போதுதான் கிடைத்தது' என்பதை நம்பாதீர்கள். ஆப்பிள் ஒவ்வொரு ஜூன் மாதமும் டெவலப்பர் மாநாட்டில் தன் மேக் கணினிகளுக்கான அடுத்த இயங்குதளத்தை, மேக் ஓஎஸ்ஸை, காட்டும், அன்றே டெவலப்பர்களுக்கு பீட்டா என்னும் சோதனைப் பதிப்பும் கொடுத்துவிடும். பொதுமக்கள் கைக்கு அது வருவது செப்டம்பர் வாக்கில், சில வருடம் இன்னும் தள்ளி. விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டது 2021 ஜூன் 24, வெளியானது அக்டோபர் 5, இடையிலே யார் வேண்டுமானாலும் முன்னோட்டப் பதிப்பைப் போட்டுப் பார்க்க முடிந்தது. மூன்று மாதத்துக்கும் மேல் கையில் இருந்திருக்கிறது.

அந்த மூன்று மாதத்தில் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இரண்டாவது பீட்டாவில் நம் மென்பொருள் கிராஷ் ஆகும். டெவலப்பர் இரண்டு நாள் உட்கார்ந்து துருவினால் அது இயங்குதளத்தின் பக், அதாவது பிழை, என்று தெரியும். புகார் அனுப்புவார், நான்காவது பீட்டாவில் தானாகச் சரியாகிவிடும். ஆறாவதில் வேறொன்று உடையும். எங்களிடம் மொத்தமே நான்கு டெவலப்பர்கள், அவர்கள் தலையில் அடுத்த பதிப்பின் புதிய வசதிகளும் இருந்தன. மேலாளர் என்ன சொல்வார்? 'அவன் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறான், நாம் ஏன் பின்னாலேயே ஓட வேண்டும், நிலைக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது நிலைக்கு வரும்போது வெளியீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம்தான் மிச்சமிருக்கும். வெளியான அன்று எங்களுக்கு வந்த டிக்கெட்டுகள் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு.

இன்னொன்று. சாதாரணமாக ஒரு சாளரத்தைத் திறந்து, கோப்பைப் படித்து, சேமிக்கிற மென்பொருள் பெரும்பாலும் எந்தத் திருத்தமும் இல்லாமலே புதிய இயங்குதளத்தில் ஓடிவிடும். மாட்டுவது அடித்தளத்தைத் தொடுகிற சரக்குதான்: டிரைவர் (கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்), ஆன்டிவைரஸ், விபிஎன், ஒலிக்கருவி, பிரின்டர், அப்புறம் லைசென்ஸைச் சரிபார்க்கிற பூட்டு. எங்கள் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு வருடம் எங்கள் மென்பொருள் புதிய இயங்குதளத்தில் முதல் நாளே ஒழுங்காக ஓடியது. லைசென்ஸ் பூட்டு மட்டும் ஓடவில்லை. அந்தப் பூட்டு நாங்கள் செய்ததில்லை, வெளியே வேறொரு நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தியது. அவர்கள் புதிய பதிப்பு தரும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அதை வெளியே சொல்லவும் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆகவே காசு கொடுத்தவர் எல்லாருக்கும் 'விரைவில்'. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி வைத்திருந்தவருக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. இதை ஒரு வாடிக்கையாளரே எழுதி அனுப்பியிருந்தார், 'நான் திருடியிருந்தால் இன்று வேலை செய்திருப்பேன்' என்று. அதற்கு என்னிடம் ஒட்டுவதற்கு ஒரு ரெடிமேட் பதிலும் இல்லை.

இயங்குதளம் செய்பவர்கள் மீதும் தப்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2007 ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது திரையை இயக்கும் டிரைவர் அமைப்பையே மாற்றியிருந்தார்கள், ஒலிக்கான அமைப்பும் புதிது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரின்டரும் சவுண்ட் கார்டும் எத்தனையோ பேருக்கு வெறும் பெட்டியாகிப்போயின. பிறகு ஒரு வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007ல் அவர்கள் பதிவு செய்த விஸ்டா கிராஷ்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவின் டிரைவர்களால் வந்தவை என்று அதில் இருந்தது. திட்டு முழுக்க விஸ்டாவுக்குத்தான் விழுந்தது. போட்டோஷாப் கதை வேறு மாதிரி. மேக்கில் கார்பன் என்ற பழைய நிரல் அடித்தளத்திலேயே, அதிக நினைவகத்தைக் கையாளும் 64-பிட்டுக்குப் போகலாம் என்று அதைச் செய்யும் அடோபிக்காரர்கள் நம்பியிருந்தார்கள், 2007ல் ஆப்பிள் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. எனவே 2008ல் வந்த சிஎஸ்4 பதிப்பு விண்டோஸில் மட்டும் 64-பிட், மேக்காரர்கள் 2010ல் சிஎஸ்5 வரும்வரை காத்திருந்தார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன், அடியிலிருந்து பெரும்பகுதியை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

வெர்ஷன் நம்பரே கழுத்தை அறுத்த கதையும் உண்டு. மேக் ஓஎஸ் இருபது வருடம் 10 புள்ளி இத்தனை என்றே போய்க்கொண்டிருந்தது, 2020 நவம்பரில் வந்த பிக் சர் பதிப்பு திடீரென்று 11 ஆனது. '10.' என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பழைய மென்பொருள்கள் தடுமாறக் கூடாதே என்று ஆப்பிளே அவற்றிடம் மட்டும் 'நான் 10.16' என்று பொய் சொல்லும்படி வைத்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இயங்குதளக்காரரைக் கைகாட்ட முடியாது. 2019 அக்டோபரில் மேக் ஓஎஸ்ஸின் கேட்டலினா பதிப்பு வந்ததும் பழைய 32-பிட் மென்பொருள் எல்லாம் ஒரே இரவில் செத்துப்போயிற்று என்று எத்தனை பேர் புலம்பினார்கள்! ஒரே இரவு இல்லை. 2017லேயே ஆப்பிள் சொல்லிவிட்டது. 2018ல் வாடிக்கையாளரின் திரையிலேயே 'இந்த மென்பொருளை இதைச் செய்தவர் புதுப்பிக்க வேண்டும்' என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு 'ஆப்பிள் உடைத்துவிட்டது' என்று கடிதம் அனுப்பிய நிறுவனங்களை நான் மன்னிக்கவில்லை. அதில் பாதிப் பேர் பழைய பதிப்பைச் சரிசெய்யும் எண்ணமே இல்லாதவர்கள். புதிய பதிப்பைக் காசு கொடுத்து வாங்க வைக்க அது ஒரு நல்ல சாக்கு. உங்களுக்கு நடப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். 'விரைவில்' என்று சொல்லிக்கொண்டே அடுத்த பதிப்புக்குத் தள்ளுபடி விளம்பரம் அனுப்புகிறார்கள் என்றால், உங்கள் பதிப்புக்கு ஒன்றும் வரப்போவதில்லை.

தாமதத்துக்கு நிறுவனம் கொடுக்கும் விலைக்கு குவார்க் எக்ஸ்பிரஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பக்க வடிவமைப்பில் அதுதான் ராஜா, பத்திரிகை அலுவலகங்கள் அதைச் சுற்றித்தான் ஓடின. மேக் ஓஎஸ் எக்ஸ் 2001 மார்ச்சில் வந்தது. 2002 தொடக்கத்தில் குவார்க் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டார்கள், அது புதிய இயங்குதளத்தில் நேரடியாக ஓடாது, பழைய சூழலுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கிட்டத்தட்ட அதே சமயம் அடோபியின் போட்டி மென்பொருளான இன்டிசைன் 2 அதில் நேராக ஓடியது. 2003 தொடக்கத்திலிருந்து புதிய மேக்குகள் பழைய இயங்குதளத்தில் துவங்காது என்று ஆப்பிள் முடிவெடுத்தது. குவார்க் 6 வந்து சேர்ந்தது 2003ன் நடுவில். அதற்குள் வடிவமைப்பாளர்கள் இன்டிசைனைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். போனவர்களில் நிறையப் பேர் திரும்பவே இல்லை.

உங்களுக்கு வருகிறேன். இன்னும் அப்கிரேட் செய்யாத கணினி ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அவசரமே கிடையாது. விண்டோஸ் 11 வந்த பிறகும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 வரை நான்கு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. ஆப்பிளும் வழக்கமாக முந்தைய இரண்டு பதிப்புகளுக்கு அவற்றைக் கொடுத்துவருகிறது. ஏற்கனவே அப்கிரேட் செய்துவிட்டீர்கள் என்றால், விண்டோஸில் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்ப அமைப்புகளில் ஒரு பொத்தான் உண்டு. இடம் பற்றவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை நீங்களே அழித்திருந்தால் அதுவும் போச்சு, மூன்று மாதமாகிவிட்ட உங்களுக்கு எப்படியும் போச்சு. மேக்கில் வட்டை அழித்துப் பழையதை நிறுவி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை, ஆனால் நடக்கும். நான் அதைத்தான் செய்தேன், அன்றைக்கு இரவே ஆரம்பித்து, அந்த நேர்காணலை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு. கணினியே புதிதாக வாங்கியது என்றால் மேக்கில் வழி இல்லை. அது எந்தப் பதிப்போடு வந்ததோ அதற்கு முந்தையதை ஏற்காது.

அப்புறம் அவர்களுக்கு எழுதுங்கள், ஆனால் 'எப்போது வரும்' என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் ரெடிமேட் பதில் இருக்கிறது. நான் சப்போர்ட்டில் இருந்தபோது என்னைத் திணறவைத்த கடிதங்கள் வேறு மாதிரி. ஓடாதது மென்பொருளா, லைசென்ஸ் பூட்டா, டிரைவரா? நான் வாங்கிய இந்தப் பதிப்புக்கே திருத்தம் வருமா, இல்லை அடுத்த பதிப்பை வாங்க வேண்டுமா? பீட்டா பிரதி இருந்தால் எனக்குத் தருவீர்களா? இந்த மூன்றையும் கேட்டு, இயங்குதளத்தின் முழு வெர்ஷன் எண்ணோடு கிராஷ் அறிக்கையையும் இணைத்து ஒருவர் அனுப்பினால் அந்த டிக்கெட்டை என்னால் ஒட்டுப் பதிலில் மூட முடியாது, எழுந்து டெவலப்பர் மேசைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கத்தி எழுதினால் நாங்கள் பயப்பட மாட்டோம், அதற்கும் ஒரு ஒட்டுப் பதில் இருந்தது. மாதச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் ஓடாத மாதங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு நாங்கள் கொடுத்தோம், கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று உண்டென்றே சொல்லவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் உங்கள் வேலைகளைப் பொதுவான ஒரு கோப்பு வடிவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய கணினியில் அது இன்னும் திறக்கும்போதே. மூன்று கேள்விக்கும் நேரான பதில் வந்தால் நான் இன்னும் இரண்டு மாதம்கூடக் காத்திருப்பேன். மூன்றாவது தடவையும் பொறுமைக்கு நன்றி சொன்னால் வேறு மென்பொருள் தேட ஆரம்பித்துவிடுவேன்.

என் பிளக்இன்னுக்குப் பதினோராவது வாரம் பேட்ச் வந்தது. ஒழுங்காகவே ஓடியது என்று கேள்வி, நான் அதற்குள் வேறொன்றுக்கு மாறியிருந்தேன். டிக்கெட்டை மூடிவிட்டு, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று ஐந்து நட்சத்திரமும் ஒரு கருத்துப் பெட்டியும் அனுப்பியிருந்தார்கள். நட்சத்திரத்தைத் தொடவில்லை. கருத்துப் பெட்டியில் 'விரைவில்' என்று போட்டு அனுப்பினேன்.