பேக்கப் ஓடியிருக்கிறது, ரிப்போர்ட் மட்டும் ‘தோல்வி’ என்கிறது: சேலத்துக் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கம் சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் கேட்டவையும், என் பதில்களும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்தக் கடை. லினக்ஸ் சர்வர், இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் (rsync, ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) பேக்கப் எடுக்கும். காலையில் பாதி நாள் ‘தோல்வி, கோட் 24’ என்று மெயில் வருகிறது. போய்ப் பார்த்தால் ஃபைல் எல்லாம் இருக்கிறது. முதலாளிக்கு என்ன சொல்வது அண்ணா?

கோட் என்பது வேலை முடிந்ததும் புரோகிராம் சொல்லிவிட்டுப் போகும் எண். ஆர்சிங்கில் 0 என்றால் வெற்றி. 24 என்றால், ஆர்சிங்க் பட்டியல் எடுத்தபோது இருந்த ஃபைல், காப்பி எடுக்கப் போனபோது அங்கே இல்லை. அவ்வளவுதான். எந்த ஃபைல் என்று லாகிலேயே இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பெரும்பாலும் பிஎச்பி செஷன், கேஷ், தற்காலிக ஃபைல்களாக இருக்கும். அந்த ஃபோல்டர்களை எக்ஸ்க்ளூடில் (விலக்கும் பட்டியலில்) போட்டாலே பாதி மெயில் நின்றுவிடும்.

மெயில்பாக்ஸில் வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். கடிதத்துக்கு ஒரு ஃபைல் என்று வைக்கும் மெயில்டிர் முறையில் ஒருவர் கடிதத்தைத் திறந்ததும் அந்த ஃபைலின் பெயரே மாறிவிடும். பழைய பெயரைத் தேடிப் போன ஆர்சிங்குக்கு ஆள் இல்லை. அந்தக் கடிதம் அன்றைய நகலில் விட்டுப்போகலாம், மறுநாள் வந்துவிடும்.

மிச்சத்துக்கு, ஸ்கிரிப்டில் 24 வந்தால் மட்டும் 0 ஆக்குங்கள். 23ஐ அதோடு சேர்க்க வேண்டாம். படிக்க அனுமதி இல்லாத ஃபைலும் 23இல்தான் வரும். சிலர் தொல்லை தாங்காமல் வரியின் கடைசியில் ‘அல்லது ட்ரூ’ (|| true, எது நடந்தாலும் வெற்றி என்று சொல்லவைப்பது) போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். டிஸ்க் நிறைந்து 11 வந்தாலும் ‘வெற்றி’ என்றே காட்டும்.

ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, விண்டோஸ் சர்வர். ரோபோகாப்பி (விண்டோஸின் நகலெடுக்கும் கருவி) ஓடி முடிந்ததும் டாஸ்க் ஷெட்யூலரில் 0x1, அதாவது கோட் 1. இது எரர்தானே சார்?

ரோபோகாப்பியில் 1 என்றால் ஃபைல் காப்பி ஆகியிருக்கிறது. 0 என்றால் காப்பி செய்யப் புதிதாக எதுவும் இல்லை. ஃபேக்டரி ஓடுகிற நாளில் 0 வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். 8இல் இருந்துதான் தோல்வி. பேட்ச் ஃபைலின் (கட்டளைகளை எழுதி வைத்த ஃபைலின்) கடைசியில், எரர்லெவல் (ரோபோகாப்பி தந்த கோட்) 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று நீங்களே எக்ஸிட் கொடுத்துவிடுங்கள்.

அப்படியே இன்னொன்று: திறக்க முடியாத ஃபைலை ரோபோகாப்பி 10 லட்சம் தடவை, 30 விநாடி இடைவெளியில் முயலும். சொல்லாவிட்டால் அதுதான் கணக்கு. யாராவது கணக்கு சாஃப்ட்வேரை மூடாமல் வீட்டுக்குப் போனால் ராத்திரி முழுக்க அந்த ஒரே ஃபைலில் நிற்கும். ஆர் 2, டபிள்யூ 5 (/R:2 /W:5, அதாவது 2 தடவை, 5 விநாடி இடைவெளி) போதும்.

டார் (tar, பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டும் கருவி) எடுக்கும்போது ‘படிக்கும்போதே ஃபைல் மாறிவிட்டது’ என்று சொல்லி 1 தருகிறது. விட்டுவிடலாமா?

லாக் ஃபைல் என்றால் விடலாம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டேட்டா ஃபோல்டர் என்றால் விடவே கூடாது, டார் உண்மையைத்தான் சொல்கிறது. பாதி பழசு, பாதி புதுசாக இருக்கிற டேட்டாபேஸ் திரும்ப எழுந்திருக்கும் என்று நம்ப முடியாது. மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் (டேட்டாபேஸை டம்ப், அதாவது நகல் எடுக்கும் கருவி) சிங்கிள்-ட்ரான்சாக்‌ஷன் (ஒரே நேரத்து நிலையில் எடுக்கச் சொல்லும் ஆப்ஷன்) போட்டு எடுங்கள். இன்னோடிபி வகை டேபிள்களுக்கு அது சரியாக வரும்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸ். விடியற்காலை 3 மணிக்கு ‘இன்றைய பேக்கப் இல்லை’ என்று அலாரம். ஆனால் பேக்கப் இருக்கிறது!

சர்வர் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா பாருங்கள். நம் நேரத்துக்கு 5:30 மணி பின்னால் ஓடும். நமக்கு ராத்திரி 2 மணி என்றால் அங்கே முந்தின நாள் 20:30, அதனால் ஃபைலின் பெயரில் நேற்றைய தேதி விழும். அலாரம் நம் தேதியைத் தேடுகிறது. பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு, 26 மணி நேரத்துக்குள் வந்த ஃபைல் இருக்கிறதா, அதன் அளவு வழக்கம்போல இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் மலையில் லைன் போய்ப் போய் வரும். கோட் 30, 12, 255 என்று மாறி மாறி வருகிறதே?

லைன் அறுந்த வகைதான். ஆர்சிங்கில் பார்ஷியல் (பாதி வந்த ஃபைலை அழிக்காமல் வைத்துக்கொள்ளும் ஆப்ஷன்) போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று முறை முயன்று, அதற்கும் மசியாவிட்டால் மட்டும் மெயில் அனுப்பட்டும்.

தோல்வி மெயிலே வராத நாளில் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

டம்ப் எடுத்து பைப் வழியே (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தருவது) சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்புகிறீர்களா? அப்படியானால் ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் உங்களுக்குச் சொல்வது ஜிஜிப்பின் ரிசல்ட்டை. பாஸ்வேர்ட் மாறி டம்ப் ஒன்றுமே எடுக்காவிட்டாலும் ஜிஜிப் தன் வேலையை முடித்துவிட்டு 0 தரும். ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 20 பைட்டில் ஒரு ஃபைல் இருந்தால் அது காலி டம்ப். ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் (set -o pipefail, பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைப்பது) போடுங்கள். போட்ட பிறகு, போன மாதத்து பில் ஒன்றை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள்.