கிளெய்மில் சொல்லாமல் விட்ட துருப்பு

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டம். ஸ்பேட் துருப்பு. கடைசி நாலு சீட்டு. டிக்ளேரர் (ஏலத்தை வென்று ஆடுபவர்) கையில் ஸ்பேட் ராணி, ஆர்ட்டின் ஏஸ், ராஜா, ராணி. முதல் சீட்டு அவர்தான் இறக்க வேண்டும். "மீதி எனக்கே" என்று சீட்டை விரித்துவிட்டார்; இதுதான் கிளெய்ம், அதாவது மீதியை ஆடாமலேயே கோருவது. எதிரணியில் கிழக்கிடம் ஸ்பேட் 3, ஆர்ட்டின் 8, டைமன் இரண்டு. "துருப்பைத்தான் முதலில் இறக்கியிருப்பேன்" என்கிறார் டிக்ளேரர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒரு டிரிக் (ஒரு சுற்றுச் சீட்டு) எதிரணிக்கு.

70-ஆம் விதிப்படி டைரக்டர் (ஆட்ட நடுவர்) மூன்றைப் பார்க்க வேண்டும். கிளெய்ம் செய்தபோது வெளியே உள்ள துருப்பைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அது வெளியே இருப்பதை மறந்திருக்க வாய்ப்புண்டா? சாதாரண ஆட்டம் ஏதாவது ஒன்றில் அந்தத் துருப்பு டிரிக் எடுக்குமா? இங்கே அவர் எதுவும் சொல்லவில்லை. மறந்திருக்கலாம் என்ற சந்தேகமே போதும். ஆர்ட்டின் ஏஸுக்கு 8 விழும். ராஜாவை ஸ்பேட் 3 வெட்டும். அடுத்து டைமன் வந்தால் ஸ்பேட் ராணியால் வெட்டி, ஆர்ட்டின் ராணியையும் எடுக்கலாம். ஆக மூன்றுதான். கவனக்குறைவான ஆட்டமும் 'சாதாரண ஆட்டம்' என்பதில் அடக்கம். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. "துருப்பு எடுத்துவிட்டு ஆர்ட்டின்" என்று அப்போதே சொல்லியிருந்தால் நாலும் அவருக்கே.

கேள்வி: நோ டிரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்). மூன்று சீட்டு மீதி. டம்மியில் (மேசையில் விரித்த ஜோடியின் கையில்) ஏஸ், ராஜா, ஜாக். கையில் அதே ஜாதியில் 7, 6, 2. கையிலிருந்து இறக்க வேண்டும். பேசாமல் கிளெய்ம் செய்தவர், மேற்கிடம் ராணி மூன்று சீட்டோடு இருப்பதைப் பார்த்ததும், ஃபினெஸ் (ராணி மேற்கிடம் என்று நம்பி டம்மியின் ஜாக்கை இறக்குவது) ஆடுவேன் என்கிறார்.

பதில்: ராணி இன்னாரிடம்தான் என்று நம்பி ஆடும் ஆட்டத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கிழக்கு ஏற்கெனவே அந்த ஜாதி இல்லாமல் வேறு சீட்டு போட்டிருந்தால் ஃபினெஸை ஏற்க இடமுண்டு. இல்லையென்றால் ஏஸ், ராஜாவை எடுத்து மூன்றாவதை இழந்ததாகவே தீர்ப்பு. ராணி கிழக்கிடம் இரண்டு சீட்டோடு இருந்தாலும் கிளெய்ம் செய்தவருக்கு விடிவில்லை: "ஏஸ், ராஜா எடுத்திருப்பேன்" என்பது செல்லாது. ஃபினெஸ் ஆடித் தோற்பதும் சாதாரண ஆட்டமே; குறைந்தது ஒரு டிரிக் போகும். இதில் கடுமை எதுவும் இல்லை. எதிராளியின் சீட்டைப் பார்த்த பிறகு வழியைத் தேர்ந்தெடுக்க விட்டால், கிளெய்ம் செய்யாமல் ஆடுபவருக்குத்தான் அநியாயம்.

நடைமுறையில் ஒன்று. கிளெய்மை யாராவது மறுத்தால் உடனே டைரக்டரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை யாரும் சீட்டு இறக்க வேண்டாம். அவர் முதலில் கேட்க வேண்டியது, கிளெய்ம் செய்தவர் அப்போது சொன்ன வார்த்தைகளை. பிறகு எல்லோரும் மீதிச் சீட்டை மேசையில் விரிக்கச் சொல்ல வேண்டும். அதன்பின் எதிரணியின் மறுப்பைக் கேட்க வேண்டும். 2017 விதிகளின்படி, எதிரணி கேட்டு நாலு பேரும் சம்மதித்தால் ஆட்டத்தைத் தொடரலாம்; அப்படி ஆடி வந்த முடிவே நிற்கும்.