அருவிக்குப் பின்னால் இருக்கும் காடு: அதிரப்பள்ளி, வாழச்சால் பறவை நோக்கல் கேள்வி பதில்

ஜனவரி இறுதியில் கேரளத்தின் அதிரப்பள்ளி, வாழச்சால் காடுகளுக்கு மூன்று நாள் பறவை நோக்கல் பயணம் போவதாக அறிவித்ததிலிருந்து பல கேள்விகள் வந்துள்ளன. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பாதையில் சிறு குழுக்களை அழைத்துச் சென்றுவருபவன் என்ற முறையில், ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர், பள்ளி ஆசிரியை): நிகழ்ச்சி நிரலில் அருவிக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியை அவசரமாகப் பார்த்துத் திரும்புவது சரியா, ஐயா?

பதில்: சாலக்குடி ஆறு ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து விழும் அந்தக் காட்சியைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பறவை நோக்குபவருக்கு அருவியின் அடிவாரம்தான் அந்தப் பகுதியிலேயே மிகவும் பயனற்ற இடம். அடர்ந்த காட்டில் பத்தில் எட்டுப் பறவைகளை முதலில் காதால்தான் அறிகிறோம். அருவியின் இரைச்சலில் அந்தக் காது அடைபட்டுப் போகிறது. இரைச்சலையும் மீறிக் கேட்பது பெரும்பாலும் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை ஒன்றுதான். பாடம் மறந்த பையன் மெட்டை மாற்றி மாற்றிச் சீட்டி அடிப்பதைப் போல அது விடிகாலையில் பாறைகளுக்கிடையே பாடும். அதற்காகவே அந்த ஒரு மணி நேரத்தைக் காலையில் வைத்திருக்கிறேன். சுற்றுலாப் பேருந்துகள் வந்துசேரும் முன் நாம் மேலே ஏறிவிடுவோம். அருவியை உண்டாக்கும் ஆறும், அந்த ஆற்றை அணைத்து நிற்கும் கரைக்காடும்தான் நாம் பார்க்கப் போவது. அது அருவிக்கு மேலே, வாழச்சாலை நோக்கிப் போகும் சாலையின் இருபுறமும் இருக்கிறது.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைகளில் (ஹார்ன்பில்) கேரளத்தின் நான்கு வகைகளும் அங்கே இருப்பதாகப் படித்தேன். நான்கையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: இருப்பது உண்மை, பார்ப்பது நம் பொறுமையைப் பொறுத்தது. மலையாளத்தில் இருவாச்சியை வேழாம்பல் என்பார்கள். நான்குக்கும் அங்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. வழிகாட்டிகள் அவற்றைத்தான் சொல்வார்கள் என்பதால் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பெரிய இருவாச்சி ‘மலமுழக்கி’, அதாவது மலையை முழங்க வைப்பது. கருப்பு வெள்ளை நிற மலபார் பாண்டு இருவாச்சி ‘பாண்டன்’. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மலபார் சாம்பல் இருவாச்சி ‘கோழி வேழாம்பல்’. நம் ஊர்ப்புறங்களிலும் காணக்கூடிய சாம்பல் இருவாச்சி ‘நாட்டு வேழாம்பல்’.

நான்கும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்திருப்பதற்குக் காரணம் அங்கே காடு சிறிது தூரத்துக்குள் மாறிக்கொண்டே போவதுதான். வறண்ட, திறந்த மரக்கூட்டங்களில் நாட்டு வேழாம்பல் இருக்கும். தாழ்வான ஈர இலையுதிர் காடும் ஆற்றங்கரை மரங்களும் பாண்டனுக்கு உரியவை. மேலே போகப் போகப் பசுமைமாறாக் காடு அடர்ந்து, கோழி வேழாம்பலும் மலமுழக்கியும் மிகுதியாகின்றன. ஆகவே ஒரே இடத்தில் நின்று நான்கையும் எதிர்பார்ப்பது வீண். கோழி வேழாம்பலின் கெக்கலிச் சிரிப்பு முதல் நாளிலேயே காதில் விழும்; பாண்டன் மாலையில் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் பழக்கமுடையது; மலமுழக்கிக்காகப் பழுத்த ஆலமோ அத்தியோ ஒன்றைக் கண்டுபிடித்து அதன் எதிரே உட்கார வேண்டும். மூன்று வகைகளை ஏறக்குறைய எல்லாப் பயணங்களிலும் பார்த்திருக்கிறோம். நாட்டு வேழாம்பல்தான், பெயருக்கு மாறாக, பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

கேள்வி (வால்பாறை, தேயிலைத் தோட்ட ஊழியர்): எங்கள் எஸ்டேட் ஓரத்து மரத்தில் பெரிய அலகுள்ள கருப்பு வெள்ளைப் பறவை ஒன்று அடிக்கடி வருகிறது. அது பெரிய இருவாச்சியா, பாண்டு இருவாச்சியா?

பதில்: வால்பாறையின் உயரத்தில் நீங்கள் காண்பது அநேகமாகப் பெரிய இருவாச்சிதான், பாண்டன் தாழ்வான காடுகளை விரும்புவது. ஆயினும் இடத்தை வைத்து முடிவு செய்யாமல் கழுத்தைப் பாருங்கள். கழுத்து மஞ்சள் தோய்ந்த வெள்ளையாக இருந்தால் பெரியது, முழுக்கக் கருப்பாக இருந்தால் பாண்டன். அந்த மஞ்சள், வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் பூசிக்கொள்வதால் வருவது. பறக்கும்போது பெரியதன் கரிய இறக்கையின் நடுவே அகலமான வெளிர்பட்டை தெரியும், வெள்ளை வாலின் குறுக்கே கருப்புப் பட்டை இருக்கும். பாண்டனுக்கு இறக்கையின் பின்விளிம்பு மட்டுமே வெள்ளை; வாலின் நடு இறகுகள் கருப்பாகவும் ஓர இறகுகள் வெள்ளையாகவும் இருக்கும். அருகில் பார்க்க வாய்த்தால் கண்ணையும் கவனியுங்கள்: பெரிய இருவாச்சியில் ஆணுக்குச் சிவப்பு விழி, பெண்ணுக்கு வெளிறிய விழி.

இறக்கையடிக்கும் ஓசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மற்றப் பறவைகளுக்குப் பறப்பிறகுகளின் அடியை மூடியிருக்கும் சிறு இறகுகள் இருவாச்சிகளுக்கு இல்லை. காற்று அந்த இடைவெளிகளில் புகுந்து வருவதால்தான் பழைய நீராவி ரயில் போலப் புசுபுசுவென்று ஒலிக்கிறது.

கேள்வி (சென்னை, ஒளிப்படக் கலைஞர்): ஜனவரி கூடுகட்டும் காலம் என்கிறார்கள். ஆண் பறவை கூட்டுக்கு இரை ஊட்டுவதைப் படம் எடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா?

பதில்: முடியாது என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், ஏன் என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெண் இருவாச்சி முதிய மரம் ஒன்றின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலும் இரைக்கழிவாலும் வாயிலை அடைத்து, அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் விட்டுக்கொள்கிறது. பெரிய இருவாச்சியில் இந்த அடைபட்ட வாழ்க்கை மூன்று நான்கு மாதங்கள் நீளும். அந்தக் காலத்தில் பெண் தன் பறப்பிறகுகளையும் உதிர்த்துவிடுவதால், தாயும் குஞ்சும் ஆண் கொண்டுவரும் பழத்தையே முழுக்க நம்பியிருக்கின்றன. ஆண் ஒரு வேளை வராமல் போவது உள்ளே இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

என் தொடக்க காலத்தில் ஒரு குழுவுடன் கூட்டு மரம் ஒன்றுக்கு ஐம்பதடி தூரம் வரை நெருங்கினேன். தொண்டை நிறையப் பழத்தோடு வந்த ஆண் தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே நாற்பது நிமிடம் அசையவில்லை. உடன் வந்த, அந்தக் காட்டின் பழங்குடியான காடர் இனத்து வழிகாட்டி அதுவரை பொறுமையாக இருந்துவிட்டு, ‘நீங்கள் போனால்தான் அது வரும்’ என்று மட்டும் சொன்னார். வெட்கத்தோடு திரும்பினோம். அதன்பின் என் குழுக்களைக் கூட்டருகே கொண்டுபோவதில்லை.

அந்தக் காட்டில் கூடுகளைக் கண்காணித்துக் காப்பவர்களும் காடர் மக்களே. ஒரு காலத்தில் பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்து உண்டவர்கள், வனத்துறையோடும் ஆய்வாளர்களோடும் சேர்ந்து இன்று அதே மரங்களுக்குக் காவலாக இருக்கிறார்கள். எந்த மரத்தில் எந்த ஆண்டு கூடு இருந்தது என்பதைத் தலைமுறையாக அறிந்தவர்களை விடச் சிறந்த காவலர்கள் யார் கிடைப்பார்கள்? வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு 2014இல் வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. ஆகவே கூட்டை விட்டுவிட்டு, பழமரத்துக்கு வரும் பறவையைப் படம் எடுங்கள். அதற்குப் போதிய நேரம் தருகிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலத்தில் அருவி நிறைந்து கொட்டும்போது ஏன் போகக்கூடாது?

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவி அழகாக இருக்கும், காடு அட்டைகளுடையதாக இருக்கும். மழையில் பறவைகள் இலைகளுக்குள் ஒடுங்கிவிடுவதால் பார்ப்பதும் கடினம். ஜனவரியில் வலசைப் பறவைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆறுமணிக்குருவி அவற்றில் ஒன்று. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் வந்த பெயர். நீர்வரத்து அப்போது குறைவுதான். மேலே பெரிங்கல்குத்து அணை இருப்பதால் திறந்துவிடும் நீரைப் பொறுத்து அருவியின் அளவு பகலிலேயே மாறும்.

கேள்வி (ஈரோடு): மழைக்காக ஏங்கும் வேழாம்பல் மழைநீரை மட்டுமே குடிக்கும் என்று மலையாள நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: நம் இலக்கியத்தில் சாதகப் பறவைக்குச் சொல்லப்படுவதை மலையாளத்தில் வேழாம்பலுக்குச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நல்ல அவதானிப்பு ஒன்று இருக்கிறது: இந்தப் பறவைகள் ஓடையில் இறங்கி நீர் குடிப்பதை அரிதாகவே காண முடியும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி பழங்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கேள்வி (கோவை, மருத்துவர்): தவளைவாயன் என்ற இரவுப் பறவையைக் காட்ட முடியுமா? குரல் பதிவை ஒலிக்கச் செய்து வரவழைப்பீர்களா?

பதில்: குரல் பதிவை ஒலிக்க மாட்டோம். இல்லாத எதிரியை விரட்ட ஒரு பறவை தன் கூட்டையும் இரையையும் விட்டு வருவதைப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. தவளைவாயனுக்கு அது தேவையும் இல்லை, ஏனென்றால் பகல் முழுதும் இணையாக ஒரே கொடிப்புதரில், காய்ந்த இலைக்கொத்து போல அசையாமல் அமர்ந்திருக்கும். இடம் அறிந்த வழிகாட்டி பத்தடி தள்ளி நின்று காட்டிவிடுவார். செம்பழுப்பாக இருப்பது பெண், சாம்பல் கலந்தது ஆண். ஒரே ஒரு முட்டைதான் இடும். பகலில் அடைகாப்பது ஆண். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

தீக்காக்கையும் இதே போலப் பொறுமை கேட்கும் பறவை. ஆணின் வயிறு தணல் போலச் சிவந்திருந்தாலும், அது நமக்கு முதுகைக் காட்டியே உட்காரும் வழக்கமுடையது என்பதால், கண்முன் இருப்பதைக் காணாமலே கடந்துபோனவர்கள் பலர்.

கேள்வி (சேலம்): எந்த இருநோக்கி வாங்கலாம்?

பதில்: 8×42, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்டது. பத்து மடங்கு உருப்பெருக்கம் கைநடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும், பார்வைப் பரப்பையும் குறைக்கும். இருண்ட காட்டில் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை தரும் வெளிச்சம்தான் முக்கியம். புதிதாக வாங்க வேண்டாம் என்றால் என்னிடம் இரண்டு உபரியாக உள்ளன.

கேள்வி (திருச்சி): அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு. பறவைகள் மீது மிகுந்த ஆர்வம். அழைத்து வரலாமா?

பதில்: தாராளமாக. அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் சரிவான பாதையை மட்டும் அவர் தவிர்க்கட்டும். மேலிருந்தே முழுக்கத் தெரியும். மற்ற நேரமெல்லாம் சாலையோர நடையும், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழமரத்தைப் பார்ப்பதும்தான். ஓடியாடும் இளைஞர்களை விட உட்கார்ந்திருப்பவர்களே அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி (பொள்ளாச்சி): வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக வர ஏன் திட்டமிட்டிருக்கிறீர்கள்? சாலக்குடி வரை ரயிலில் வந்தால் எளிதல்லவா?

பதில்: எளிதுதான், ரயிலில் வருபவர்கள் சாலக்குடியில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் மலைவழியில் வந்தால் ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை காட்டுக்குள்ளேயே இறங்குகிறோம். காடு மாறுவதைப் பற்றி மேலே எழுதியதைக் கண்ணால் காண இதைவிட நல்ல வழி இல்லை. இதே மலைகளில் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கக் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை ஒன்று 1907 முதல் 1963 வரை இயங்கியது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது பறவையியலாளர் சாலிம் அலி அந்தப் பாதையோரத்துக் குரியார்குட்டியில் தங்கியிருக்கிறார்.

கேள்வி (புதுச்சேரி): அங்கே அணை கட்டப் போவதாக அடிக்கடி செய்தி வருகிறதே?

பதில்: வாழச்சால் அருகே 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அதற்குச் சூழல் அனுமதி தரக்கூடாது என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு 2011இல் பரிந்துரைத்தது. மின்சாரத் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அணையில் மூழ்குவது பாண்டன் கூடு வைக்கும் தாழ்நில ஆற்றங்கரைக் காடு, அது வேறெங்கும் நட்டு வளர்த்துவிடக்கூடியது அல்ல. பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிர எத்தனை தலைமுறை ஆகும் என்பதை அணைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கேள்வி (பலர்): என்ன கொண்டுவர வேண்டும்?

பதில்: மங்கிய பச்சை அல்லது பழுப்பு உடை, தண்ணீர்ப் புட்டி, குறிப்பேடு. காட்டுப்பகுதியில் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காது என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். சாலையில் யானைகள் வரக்கூடும். அப்போது வழிகாட்டி சொல்லும் வரை யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. சோதனைச் சாவடியை மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால், மளுக்கப்பாறையிலிருந்து நண்பகலுக்குள் புறப்பட்டே ஆக வேண்டும். பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தின் எதிரே வண்டி காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்.